கார்பன் வரி: 17 சென்ட் கண்ணில் பட்டது, 280 டாலர் படவில்லை



கனடா போகிறவர்களுக்கான மாத பட்ஜெட் பற்றி நம்ம சேனலில் பேசினதில் இருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "அங்க கார்பன் வரின்னு ஒண்ணு இருந்துச்சே, மக்கள் எதிர்த்து எதிர்த்து அதை எடுக்க வச்சுட்டாங்களாமே, உண்மையிலேயே அதனால குடும்பங்களுக்கு நஷ்டமா?" வீடியோவில் ரெண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால கட்டுரையா எழுதுறேன். கொஞ்சம் கணக்கு வரும், பயப்பட வேண்டாம், பெருக்கல் கூட்டல்தான்.

இது நமக்கு எதுக்குன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. பருவநிலை மாற்றத்துக்காக எந்த நாட்டில் எந்தச் சட்டம் வந்தாலும், முதல் எதிர்ப்பு அறிவியலில் இருந்து வர்றதில்லை. "உன் பாக்கெட்டில் இருந்து காசு போகும்" என்பதுதான் முதல் எதிர்ப்பு. உங்களுக்கு இப்போ 25, 28 வயசுன்னா, ரிட்டயர் ஆகிற வரைக்கும் இந்த வாதத்தைப் பெட்ரோலுக்கும் கரண்டுக்கும் காருக்கும் கேட்டுக்கிட்டே இருக்கப் போறீங்க. அது உண்மையா, பாதி உண்மையான்னு நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரிஞ்சா நல்லது. அதுக்குக் கனடா மாதிரி ஒரு கேஸ் கிடைக்காது. ஏன்னா அங்க வாங்கின காசும் தெரியும், திருப்பிக் கொடுத்த காசும் தெரியும்.

முதல்ல அந்த வரி எப்படி வேலை செய்தது?

2018-ல் கனடா நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 2019 ஏப்ரலில் ஒன்டாரியோ, மனிடோபா, சஸ்காட்சுவான், நியூ பிரன்ஸ்விக் மாகாணங்களில் வரி ஆரம்பிச்சது. 2020 ஜனவரியில் ஆல்பர்ட்டாவும் சேர்ந்தது. ஒரு டன் கார்பன் டை ஆக்ஸைடுக்கு முதல்ல 20 டாலர், பிறகு வருஷா வருஷம் ஏறி 2024 ஏப்ரலில் 80 டாலர். 2030-ல் 170 டாலர் ஆகணும் என்பது திட்டம். (இந்தப் பகுதியில் டாலர்னு சொல்றது எல்லாம் கனடா டாலர்.)

80 டாலர்னா பெட்ரோல் பங்க்கில் என்ன? லிட்டருக்கு 17.61 சென்ட். வீட்டைச் சூடாக்கப் பைப்பில் வர்ற இயற்கை எரிவாயுவுக்கு ஒரு கன மீட்டருக்கு 15.25 சென்ட். அங்க குளிர்காலத்தில் ஹீட்டிங் இல்லாம வீட்டில் இருக்க முடியாது, அதனால இது ஏசி மாதிரி வேணும்னா போட்டுக்கலாம் என்கிற செலவு இல்லை.

இப்போ முக்கியமான பாதி. வசூலான காசில் ஏறக்குறைய 90 சதவீதத்தை அரசு குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தது. யார் எவ்ளோ பெட்ரோல் போட்டாங்கன்னு பார்க்காம, குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பார்த்துக் கொடுத்தது. ஒன்டாரியோவில் 2024-25 வருஷத்துக்கு, கணவன், மனைவி, ரெண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை 280 டாலர், வருஷத்துக்கு 1,120 டாலர். ஆல்பர்ட்டாவில் அதே குடும்பத்துக்கு 1,800 டாலர். ஐடியா சிம்பிள். வரி விலையை ஏத்தும், அதனால பெட்ரோலைக் குறைப்பீங்க. ஆனா குறைச்சாலும் குறைக்கலைன்னாலும் ரிபேட் அதே அளவுதான். கம்மியா எரிச்சவன் லாபம் பார்ப்பான்.

சரி, கணக்கைப் போடுவோம்

டொராண்டோ பக்கம் ஒரு நாலு பேர் குடும்பம்னு வச்சுக்குவோம். ரெண்டு கார், ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர், 100 கிலோமீட்டருக்கு 9 லிட்டர். மொத்தம் 2,700 லிட்டர். அதுக்குக் கார்பன் வரி 475 டாலர். வீட்டு எரிவாயு 2,400 கன மீட்டர்னா 366 டாலர். ரெண்டும் சேர்த்து 841 டாலர்.

இங்கதான் எதிர்த்தவங்க சொன்ன ஒரு நியாயமான பாயிண்ட் வருது. கார்பன் வரியைச் சேர்த்த விலை மேல விற்பனை வரி போடுவாங்க. வரிக்கு வரி! ஒன்டாரியோவில் அது 13 சதவீதம். அதையும் போட்டா 950 டாலர். வந்த ரிபேட் 1,120. கையில் மிச்சம் 170 டாலர். காய்கறி லாரியில் வருது, பிரெட் தொழிற்சாலையும் எரிபொருள் எரிக்குது, அந்த மறைமுகச் செலவில் இந்த 170-ல் கொஞ்சம் கரையும். ஆனா "எங்களைக் கொள்ளை அடிக்கிறாங்க" என்கிற அளவுக்கு நஷ்டம்னு இந்தக் குடும்பம் சொல்ல முடியாது.

இப்போ இன்னொருத்தரை எடுப்போம். கிராமத்தில் தனியா இருக்கிறவர். பஸ் கிடையாது, வேலைக்கு தினமும் தூரம். பிக்கப் வண்டி, வருஷத்துக்கு 30,000 கிலோமீட்டர், 100 கிலோமீட்டருக்கு 13 லிட்டர். 3,900 லிட்டருக்கு வரி 687 டாலர். எரிவாயு பைப் அந்த ஊருக்கு வரலை, அதனால புரோப்பேன் 2,000 லிட்டர், லிட்டருக்கு 12.38 சென்ட் வரி, அது 248 டாலர். விற்பனை வரியும் சேர்த்தா 1,056 டாலர். தனி ஆளுக்கு ரிபேட் 560, கிராமம் என்பதால் 20 சதவீதம் கூடுதல், ஆக 672. இவருக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 384 டாலர் நஷ்டம். இவர் கோபப்பட்டா அதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. காரைக் குறைன்னு சொன்னா அவர் எதில் போவார்?

ரெண்டு குடும்பமும் நான் உதாரணத்துக்கு எடுத்தது. ஆனா வரி விகிதமும் ரிபேட்டும் நிஜம். உங்க சொந்தக்காரங்க யாராவது அங்க இருந்தா அவங்க பில்லை வச்சு இதே மாதிரி போட்டுப் பார்க்கலாம்.

லாபம் பார்த்தவங்களுக்கும் ஏன் கோபம்?

நம்ம ஊர் சிலிண்டர் சப்சிடியை ஞாபகப்படுத்திப் பாருங்க. 2015-ல் இருந்து நாடு முழுக்க முழு விலை கொடுத்து சிலிண்டர் வாங்கணும், சப்சிடி பேங்க் அக்கவுண்ட்டில் வரும்னு ஆச்சு. சிலிண்டர்காரர்கிட்ட எவ்ளோ கொடுத்தோம்னு வீட்டில் அம்மாவுக்குக் கரெக்டா தெரியும். சப்சிடி எவ்ளோ வந்துச்சுன்னு கேட்டா? "வந்துச்சுன்னு நினைக்கிறேன், பாஸ்புக் என்ட்ரி போட்டாதான் தெரியும்." கொடுக்கிறது வலிக்கும், வர்றது தெரியாது. அதே கதைதான் கனடாவில்.

ஆரம்பத்தில் ரிபேட்டை வருமான வரித் தாக்கலோடு சேர்த்துக் கொடுத்தாங்க. ரீஃபண்டு தொகையில் அது ஒரு வரி, யார் கவனிப்பாங்க? 2022 ஜூலையில் இருந்துதான் மூணு மாசத்துக்கு ஒரு தடவை தனியா அக்கவுண்ட்டில் போட்டாங்க. அதுக்கு வச்ச பேரும் ரிபேட் மாதிரி தெரியாது, "பருவநிலை நடவடிக்கை ஊக்கத்தொகை" என்கிற மாதிரி ஒரு ஆபீஸ் பேர். 2024-ல்தான் "கனடா கார்பன் ரிபேட்"னு மாத்தினாங்க. பேங்க் ஸ்டேட்மென்ட்டில் அந்தப் பேர் தெளிவா வரணும்னு பேங்குகளைக் கேட்டதும் அதே வருஷம்தான். வரி வந்து அஞ்சு வருஷம் ஆச்சு அதுக்குள்ள.

எதிர்ப்பக்கம் இதுக்கெல்லாம் காத்திருக்கலை. ஒன்டாரியோ மாகாண அரசு 2019-ல் எல்லா பெட்ரோல் பங்க்கிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டணும், ஒட்டலைன்னா அபராதம்னு உத்தரவு போட்டது. கார்பன் வரியால லிட்டருக்கு இத்தனை சென்ட் கூடுது, இன்னும் கூடும்னு அதில் இருக்கும். ரிபேட் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 2020-ல் கோர்ட் அந்த ஸ்டிக்கர் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. ஆனா மார்க்கெட்டிங்கா பார்த்தா யோசிச்சுப் பாருங்க, பில் கட்டுற இடத்திலேயே விளம்பரம்! அரசு தரப்பில் இப்படி யோசிக்க ஒருத்தருக்கும் தோணலை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ரெண்டு பேரும் ஒரே ரிப்போர்ட்டைக் காட்டினாங்க

இது கொஞ்சம் நுணுக்கமான இடம், பொறுமையா படிங்க. கனடாவில் நாடாளுமன்ற பட்ஜெட் அதிகாரின்னு ஒரு பதவி இருக்கு. எந்தக் கட்சிக்கும் சாராம கணக்கு மட்டும் போடுற ஆபீஸ். அவங்க கார்பன் வரிக்கு ரெண்டு விதமா கணக்குப் போட்டாங்க.

முதல் கணக்கில் கட்டின வரி, மறைமுகமா விலையில் ஏறினது, வந்த ரிபேட் எல்லாத்தையும் பார்த்தாங்க. இதில் பெரும்பாலான குடும்பங்களுக்கு லாபம். ஆளும் லிபரல் கட்சி இதைத் தூக்கிக் காட்டுச்சு.

ரெண்டாவது கணக்கில் இன்னொண்ணும் சேரும். வரியால எண்ணெய், எரிவாயு மாதிரித் துறைகள் மந்தமானா சம்பளமும் முதலீட்டு வருமானமும் குறையுமே, அந்த இழப்பு. இதைச் சேர்த்ததும் பல குடும்பங்கள் நஷ்டத்துக்குப் போயிடுச்சு. எதிர்க்கட்சித் தலைவர் பியர் பொய்லியேவர் இதைப் பிடிச்சுக்கிட்டார். "வரியை வெட்டு" என்பதுதான் அவருடைய கோஷம்.

2024-ல் அந்த ஆபீஸே ஒரு விஷயத்தை ஒத்துக்கிட்டது. ரெண்டாவது கணக்கில், பொதுமக்கள் கட்டுற வரியோட பெரிய தொழிற்சாலைகளுக்கான தனி கார்பன் கட்டணத்தையும் தெரியாம சேர்த்துட்டாங்களாம். அக்டோபரில் திருத்தி வெளியிட்டாங்க. நஷ்டம் முன்னால சொன்னதைவிட நல்லா குறைஞ்சது. ஆனா அதுக்குள்ள பழைய நம்பர் டீக்கடை வரைக்கும் போயிடுச்சு. (அங்க டிம் ஹார்டன்ஸ் காபிக்கடை!)

நான் இதில் பார்க்கிறது வேற. அந்த ரெண்டாவது கணக்கைப் பொய்ன்னு ஒதுக்க முடியாது. எண்ணெய்க் கிணத்தில் வேலை பார்க்கிறவருக்குச் சம்பளம் போறது நிஜ நஷ்டம்தானே. ஆனா அந்தக் கணக்கில் எதிர்ப்பக்கத் தட்டு காலி. வரி இல்லாம விட்டா வெள்ளம், காட்டுத்தீ, பயிர் நஷ்டம்னு ஆகிற செலவு அதில் கிடையாது. வேற வழியில் அதே அளவு புகையைக் குறைக்க எவ்ளோ ஆகும் என்பதும் கிடையாது. டேர்ம் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை மட்டும் கூட்டி, கவரேஜைப் பார்க்காம "இது தண்டச் செலவு"ன்னு சொல்ற மாதிரி.

எதிர்ப்பில் எது வலுவானது?

நியாயமா சொல்லணும்னா, எதிர்த்தவங்க எல்லாரும் கணக்குத் தெரியாதவங்க இல்லை. விவசாயிகளை எடுங்க. டிராக்டர் டீசலுக்கு விலக்கு இருந்தது, ஆனா அறுவடை ஆன தானியத்தை உலர்த்தப் பயன்படுத்துற எரிவாயுவுக்கும் புரோப்பேனுக்கும் முழு விலக்கு இல்லை. ஈரமான தானியத்தை உலர்த்தாம வைக்க முடியாது, அதுக்கு மாற்றும் சுலபமா இல்லை. சின்னத் தொழில்களுக்குத் திருப்பித் தர வேண்டிய பங்கு 2019-ல் இருந்து தேங்கிக் கிடந்தது. 2024 கடைசியில்தான் ஏறக்குறைய 250 கோடி டாலரை ஆறு லட்சம் நிறுவனங்களுக்கு அனுப்பினாங்க. உங்க கம்பெனி ரீஇம்பர்ஸ்மென்ட்டை அஞ்சு வருஷம் நிறுத்தி வச்சா எப்படி இருக்கும்? அதே வயித்தெரிச்சல்தான்.

எல்லாத்தையும்விட அரசு தனக்குத் தானே வச்சுக்கிட்ட சூடு ஒண்ணு உண்டு. 2023 அக்டோபரில், வீட்டு ஹீட்டிங்குக்குப் பயன்படுத்துற எண்ணெய்க்கு மட்டும் மூணு வருஷம் வரி கிடையாதுன்னு அறிவிச்சாங்க. அந்த எண்ணெயைப் பெருமளவு பயன்படுத்துறது கிழக்குக் கடலோர மாகாணங்கள். மத்தவங்க சும்மா இருப்பாங்களா? "எங்க எரிவாயுவுக்கு மட்டும் ஏன்?"னு கேட்டாங்க. சஸ்காட்சுவான் அரசு 2024 ஜனவரியில் இருந்து வீட்டு எரிவாயுவுக்கான வரியை வசூலிக்கவே மாட்டோம்னு நிறுத்திடுச்சு. வரி யாருக்கும் பாரம் இல்லைன்னு அஞ்சு வருஷம் சொல்லிட்டு, ஒரு பகுதிக்கு மட்டும் பாரம் குறைக்கிறோம்னு சொன்னா அதுவரைக்கும் சொன்ன கணக்கை யார் நம்புவாங்க? 2021-ல் சுப்ரீம் கோர்ட் 6-க்கு 3 என்ற கணக்கில் இந்தச் சட்டம் செல்லும்னு சொல்லியிருந்தது. கோர்ட்டில் ஜெயிச்சதை இங்க கோட்டை விட்டாங்க.

வலுவில்லாத வாதம் எதுன்னா, விலைவாசி ஏறினதுக்கே இந்த வரிதான் காரணம் என்பது. கனடா மத்திய வங்கியோட கணக்குப்படி, வரி வருஷா வருஷம் ஏறினதால பணவீக்கத்தில் கூடினது 0.15 சதவீதப் புள்ளி அளவுதான். 2022-ல் அங்க பணவீக்கம் 8 சதவீதத்தைத் தொட்டது. மளிகை பில் எரிஞ்சதுக்குப் பெரும் காரணங்கள் வேற. ஆனா ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது இது மேல மட்டும்தான்.

முடிவு என்ன ஆச்சு? 2025 மார்ச் 14 அன்னிக்குப் பிரதமரா பதவியேற்ற மார்க் கார்னி, அன்னிக்கே பொதுமக்கள் கார்பன் வரியைப் பூஜ்யம் ஆக்கிக் கையெழுத்துப் போட்டார். ஏப்ரல் 1-ல் வரி போச்சு, பங்க்கில் விலை சட்டுன்னு இறங்கிச்சு. ஏப்ரலில் கடைசி ரிபேட் வந்தது, அதோட சரி. பணவீக்கம் மார்ச்சில் 2.3 சதவீதமா இருந்தது, ஏப்ரலில் 1.7 ஆச்சு. பெட்ரோல் மலிவானது அதுக்கு முக்கிய காரணம். நம்ம டொராண்டோ குடும்பத்துக்கு வருஷம் 950 டாலர் மிச்சம், 1,120 டாலர் வரவு கட். கிராமத்து பிக்கப்காரருக்கு நிஜமாவே நிம்மதி. தொழிற்சாலைகளுக்கான கார்பன் கட்டணம் மட்டும் தொடருது. அது எந்த பில்லிலும் தனியா தெரியாது, அதனால அதுக்கு அந்த அளவு எதிர்ப்பும் இல்லை.

ஆஸ்திரேலியாவில் வேற மாதிரி

சம்பளக்காரர்களுக்கு இது சுவாரசியமா இருக்கும். 2012 ஜூலையில் ஜூலியா கில்லார்ட் அரசு டன்னுக்கு 23 ஆஸ்திரேலிய டாலர்னு கார்பன் விலை வச்சது. ஈட்டுத்தொகையைப் பெரும்பாலும் செக்கா கொடுக்காம வருமான வரியில் கொடுத்தாங்க. வரி இல்லாத வருமான வரம்பு 6,000 டாலரில் இருந்து 18,200 டாலருக்கு ஏறிச்சு. கரண்ட் பில் ஏறக்குறைய 10 சதவீதம் ஏறும்னு அரசே கணிச்சது. அதே காலத்தில் மின்கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் செலவாலயும் கரண்ட் விலை ஏறிச்சு, ஆனா பழி முழுக்கக் கார்பன் மேல. எதிர்க்கட்சித் தலைவரா இருந்த டோனி அபாட், வையல்லா என்கிற இரும்பாலை ஊரே வரைபடத்தில் இருந்து அழிஞ்சிடும்னு சொன்னார். ஊர் அழியலை. அந்த இரும்பாலையை நடத்தின நிறுவனம் நொடிச்சது 2016-ல், அதாவது அபாட் பிரதமராகி 2014 ஜூலையில் கார்பன் விலையை ரத்து செய்த பிறகு.

ரத்து செய்தப்போ 18,200 வரம்பைத் திருப்பி 6,000-க்குக் கொண்டு போகலை. செலவு போச்சு, ஈட்டுத்தொகை தங்கிடுச்சு. இப்படி ஒரு டீல் யாருக்கும் கிடைக்காது.

நாம் கட்டலையா?

கட்டினோம். 2010-ல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய்னு ஒரு செஸ் போட்டாங்க. 2014-ல் 100, 2015-ல் 200, 2016-ல் 400. 2017-ல் ஜிஎஸ்டி வந்தப்போ இது இழப்பீட்டு செஸ் ஆனது, தொகை அதே 400. ஒரு யூனிட் கரண்டுக்குச் சுமார் 0.65 கிலோ நிலக்கரின்னு வச்சா, யூனிட் தயாரிக்கிற செலவில் 26 பைசா இந்த செஸ். ரிபேட் கிடையாது, ஸ்டிக்கர் கிடையாது, கார்பன் வரின்னு பேரும் கிடையாது. உங்க கரண்ட் பில்லை எத்தனை தடவை புரட்டினாலும் இந்த வரி கண்ணில் பட்டிருக்காது.

2025 செப்டம்பர் 22-ல் இருந்து அந்த 400 ரூபாய் செஸ் போயிடுச்சு, பதிலா நிலக்கரி ஜிஎஸ்டி 5 சதவீதத்தில் இருந்து 18 ஆச்சு. இது ஏத்தமா இறக்கமா? விலையைப் பொறுத்தது. டன் 1,500 ரூபாய் நிலக்கரிக்கு முன்னால வரி 75 + 400 = 475, இப்போ 270. டன் 5,000 ரூபாய் நிலக்கரிக்கு முன்னால 250 + 400 = 650, இப்போ 900. ஏறக்குறைய 3,077 ரூபாய்க்குக் கீழே இருந்தா வரி குறையும், மேலே இருந்தா கூடும். செஸ் எடை மேல, ஜிஎஸ்டி விலை மேல, அதனால வர்ற வித்தியாசம். மட்டமான நிலக்கரிதான் பொதுவா மலிவு என்பதையும் சேர்த்து யோசிங்க.

அடுத்த வீடியோவில் ஐரோப்பா நம்ம இரும்பு, அலுமினியம் ஏற்றுமதி மேல 2026-ல் இருந்து போடுற எல்லைக் கார்பன் கட்டணத்தைப் பார்ப்போம். ஸ்டீல் கம்பெனி ஷேரோ மெட்டல் ஃபண்டோ வச்சிருக்கிறவங்க, உங்க கம்பெனி ஐரோப்பாவுக்கு எத்தனை சதவீதம் விக்குதுன்னு ஆண்டறிக்கையில் அதுக்குள்ள பார்த்து வச்சுக்கோங்க.